இரவல் கொப்பி

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் நாலரை.
வந்தோர் பதினாலு, வராதோர் மூன்று.
மூவரில் ஒருவர் கனடா போய் ஏழு வருஷம்;
பேரை வெட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை,
சந்தா மட்டும் தை மாதம் தவறாமல் வரும்.

சுழிபுரம் சேவைக் கழகத்தின் செயலாளர் நான்,
பகலில் சங்கக் கடையில் கிளாக்கர்.
கூட்டக் குறிப்பில் எழுத முடியாததை
இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு சில்லுக் கதிரை உண்டு.
வாங்குவோம் என்றபோது பொருளாளர் நிமலரூபன்
எழும்பி நின்று எதிர்த்தார்:
"இரவல் குடுத்தது திரும்பி வந்த சரித்திரம்
இந்த ஊரில இருக்கோ?
சித்திரையில குடுத்த கிடாரம் எங்க?"
கிடாரத்தைப் பற்றி அவர் கேட்டது நியாயம்.
பத்துக்கு மூன்று. கதிரை வந்தது.
கூடவே, தோற்ற மனுஷன் தந்த
நாற்பது தாள் கொப்பி ஒன்று,
அடிமட்டம் வைத்துத் தானே கோடு கீறியது:
பெயர், வீடு, கொண்டுபோன திகதி,
திரும்பிய திகதி, குறிப்பு.

ஒழுங்கை ஒழுங்கையாய் அது போய் வந்தது.
தவமலர் ரீச்சருக்கு ஆறு கிழமை.
மாதகல் அருளப்பு திருப்பித் தந்தபோது
வள்ளத்து எஞ்சினுக்குப் போடும் கிறீஸை
சில்லுக்கும் பூசியிருந்தார்,
ஒரு மாதம் கதிரை மீன் மணத்தது.
பண்ணாகத்து வீடொன்றில் இருந்து
எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள்
கழுவித் துடைத்து வந்தது,
கைபிடியில் ஒரு பை பலகாரம்.

திகதி போடும்போது நான் ஒன்றும் கேட்பதில்லை.
சிலர் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.
சிலர் இல்லை.
கொப்பியில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

கார்த்திகை மழையில், குளக்கட்டில்
பொருளாளரின் மோட்டச்சைக்கிள் சறுக்கியது.
மகளிடம் கடிதம் கொடுத்தனுப்பினார்:
"பதவி காரணமாகச் சலுகை வேண்டாம்.
முன்னால் ஆரும் கேட்டிருந்தால் காத்திருக்கிறேன்."
ஆரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தபோதுதான்
எங்கள் கண் திறந்தது.
தபாற்கந்தோருக்குச் சாய்தளம் போட்டோம்,
பள்ளிக்கூடத்துக்குப் போட்டோம்,
இரண்டுக்கும் ரிபன் வெட்டிப் படம் எடுத்தோம்.
எங்கள் மண்டபத்துக்கு மூன்று படி.

நாலு பேர் கதிரையோடு தூக்கினோம்.
மடியில் கணக்குக் கோவையை அணைத்தபடி அவர்:
"மெதுவா, மெதுவா...
கதிரை கழகத்தின்ர சொத்து."
இளையவன் பெனடிக்ற் சிரிப்பை அடக்கப்போய்
பிடி நழுவப் பார்த்தது.

சாய்தளத்துக்குப் பிரேரணை: டொக்டர் சிவநேசி.
ஆமோதித்தவர்: எல்லாரும் ஒரே நேரத்தில்.
எதிர்ப்பு ஒன்று: "நிதி ஒதுக்கேல்லை."
அப்படியே குறிப்பில் எழுதினேன்.

சனிக்கிழமை வேலை.
டொக்டர் சீமெந்து குழைத்தா,
கைநாடி பார்க்கிற கவனத்தோடு
தண்ணி அளந்து ஊற்றினா.
நோயாளர் இருவர் வேலியோரம் நின்று பார்த்து
பிறகு ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தார்கள்.
வாசிகசாலை அன்ரனிற்றா கொண்டுவந்த றோல்ஸில்
உறைப்பு கூட என்று ஏழு பேர் சொன்னார்கள்;
ஏழு பேரும் இரண்டாவதும் எடுத்தார்கள்.
பூவரசு நிழலில் பொருளாளர்
மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
"அஞ்சு காணும் எண்டனான். ஏன் ஆறு?
ஆறாவதுக்குப் பில் எங்க?"

ஈரம் காயமுதல் ஒரு நாய் ஏறிப் போனது.
தடத்தை மட்டப்படுத்தக் கரண்டி எடுத்தவனை
அவர்தான் மறித்தார்:
"விடு. திரும்பப் பூச ஆர் சீமெந்து தாறது?"

இந்த ஞாயிறு அவர் தானே உருட்டி ஏறி வந்தார்.
கைதட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
அவர் அதற்கு இடம் வைக்கவில்லை,
நேரே இரவல் கொப்பியைக் கேட்டார்.
தன் பெயருக்கு நேரே
திரும்பிய திகதியை வெறுமையாய் விட்டு,
குறிப்பு என்ற கட்டத்தில்
கணக்கெழுதும் அந்தச் சின்ன எழுத்தில்:

வலது சில்லு இழுக்கிறது.
அடுத்த ஆளுக்குக் கொடுக்கமுதல் திருத்தவும்.
செலவு என்னுடையது.
பில் தேவையில்லை.